எதுத்தாப்புல ஒரு லேபு

ரத்தம் குடுக்கப் போறேன் சார். தானமில்ல. தானங் குடுக்குற வயசும் போச்சு, மனசும் போச்சு. டெஸ்டுக்கு. மதுரையில பெரிய லேபு ஒண்ணு இருக்கு. ஏசி போட்டு, சோபா போட்டு, டோக்கன் குடுத்து உக்கார வச்சு உறிஞ்சுவான். அங்கதான் போறேன்.

அப்படிப் பாக்காதீங்க. எனக்கு ஒரு நோவும் கிடையாது. ஒருத்தி சொல்றது பொய்யின்னு காட்டணும், அதுக்குத்தான் இந்தப் பாடு. அவ பேரு தமயந்தி. எங்க ஊர்ல என் கடைக்கு எதுத்தாப்புல லேபு வச்சிருக்கா. லேபுன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. முன்னால டெய்லர் கடை இருந்த ரூமு. ஒரு மெஷினு, ஒரு பிரிட்ஜ், கையை நீட்டி வைக்கப் பலகை அடிச்ச ஒரு நாற்காலி. அவ்வளவுதான். அந்த நாற்காலியில உக்காந்து பாதி ஊரு கெட்டுப் போச்சு.

இந்த பஸ்ஸுல மதுரை வரைக்குந்தானே நீங்களும்? அப்பக் கேளுங்க. எனக்கும் பொழுது போகணும்ல.

எங்க ஊரு தறி ஊரு. ராஜபாளையத்துக்குத் தெக்க உள்ள தள்ளி இருக்கு, பேரச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸ விட்டு இறங்கும்போதே டக்குடக்குன்னு சத்தம் காதுல விழும். அங்க இருபத்திரெண்டு வருசமா மெடிக்கல் ஷாப்பு வச்சிருக்கேன். படிப்பு பத்தாங்கிளாசு. லைசென்ஸ் எல்லாம் வெளியூர்ல இருக்கிற படிச்ச ஆளு ஒருத்தர் பேர்ல. அவரு வருசத்துக்கு ஒரு தடவ வந்து கையெழுத்துப் போட்டுட்டு, காப்பி குடிச்சுட்டுப் போவாரு. மாத்திரைப் பேரச் சொன்னா எந்த அலமாரின்னு அவருக்குத் தெரியாது. எனக்குக் கண்ண மூடிக்கிட்டு எடுக்கத் தெரியும். கடை வைக்கிறதுக்கு முன்னால பழைய டாக்டர் ஒருத்தர்கிட்ட பதினோரு வருசம் கம்பவுண்டரா இருந்தேன் சார். அவரு சீட்டு எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் மாத்திரைய எடுத்துப் பொட்டலம் போட்டிருப்பேன். அவரு செத்தப்ப ஊரே சொல்லுச்சு, டாக்டர் போனா என்ன, அண்ணாச்சி இருக்காருல்லன்னு.

ஒரு ஆளு கடைப்படி ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சுரும். கண்ணக் கீழ இழுத்துப் பாப்பேன், நாக்க நீட்டச் சொல்வேன், முடிஞ்சது. ஊசி கிடையாது, குழாய் கிடையாது, நாளைக்கு வாங்கறது கிடையாது.

அதுவும் எங்க ஊர்ல என்ன பெரிய சீக்கு? கால் வலி, இடுப்பு வலி. பன்னெண்டு மணி நேரம் தறியில நின்னா கால் காலாவா இருக்கும்? அதுக்கு நான் ஒரு செட்டு வச்சிருந்தேன். மஞ்ச ஒண்ணு, வெள்ள ஒண்ணு, குட்டியா ஒண்ணு. மஞ்ச வலிக்கு, குட்டி வீக்கத்துக்கு, வெள்ள வயித்தப் புண்ணாக்காம இருக்க. காலையில ஒரு செட்டு, சாயங்காலம் ஒரு செட்டு. போட்ட அரை மணி நேரத்துல எந்திரிச்சு ஓடுவான். வந்து நின்னு பேச்சே இருக்காது. "அண்ணாச்சி, செட்டு"ன்னு கையை நீட்டுவாங்க. எங்க ஊர்ல தறி ஓடுனது கரண்டுல இல்ல சார், என் செட்டுல.

முகத்தைப் பாக்கணுமே. என்கிட்ட ஒரு வருசம் செட்டுப் போட்டவன் முகமெல்லாம் பூரிச்சு, கன்னம் உப்பி, கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கும். அதைப் போய்ப் பின்னால அந்தத் தமயந்தி, "அது செழிப்பு இல்ல, மருந்து வீக்கம்"னு சொன்னா. பொறாம பிடிச்சவ எதத்தான் சொல்லமாட்டா?

ரெண்டு வருசத்துக்கு முன்னால சித்திரையில கடையத் திறந்தா. எங்க ஊர்ப் பொண்ணுதான். தறிக்குப் பாவு நூல் ஓட்டுன ஏகாம்பரம் மக. மதுரையில படிச்சு, அங்கயே ஒரு ஆஸ்பத்திரியில ஒம்பது வருசம் ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்தவ. அங்கயே இருந்திருக்கலாம். வந்த உடனே ஒரு போர்டு மாட்டுனா: 'ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பாருங்கள்.' என் கடைக் கல்லாவுல உக்காந்தா நேரா கண்ணுல அடிக்கிற மாதிரி. நோய் வந்தவன் ரத்தம் பாப்பான், சரி. நல்லா இருக்கிறவன் எதுக்குப் பாக்கணும்? நல்லா ஓடுற தறிய எவனாவது கழட்டிப் பாப்பானா?

மொதல்ல போனது யாரு தெரியுமா? வேலை வெட்டி இல்லாததுக. ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தர் இருக்காரு. மாசத்துல பாதி நாளு அங்கதான். டீக்கடையில வந்து உக்காந்து, "எனக்குக் கொழுப்பு நூத்தி எழுபதுக்கு எறங்கிருச்சு"ன்னு சொல்வாரு, மக பரிச்சையில மார்க்கு வாங்குன மாதிரி. டீயில சீனி வேணாம்பாரு, ரெண்டு பஜ்ஜி வேணும்பாரு. அந்தக் கூட்டத்தப் பாத்து நான் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பைல் ஒண்ணைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டா பெரிய மனுசன்னு நெனப்பு.

வினை வந்தது மகளிர் குழுவால. அந்த வருசம் மார்கழியில குழுப் பொம்பளைங்க முப்பத்தோரு பேருக்கு இலவசமா ரத்தம் பாத்துக் குடுத்தா. அதுக்கடுத்த வாரம், கடையில நாலு பேரு நிக்கிற நேரம், ரோட்டத் தாண்டி என் கடைக்கு வந்தா. கையில ஒரு பேப்பரு.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் தனியாப் பேசணும்"னா.

"இங்கயே சொல்லு. எனக்கு ரகசியம் கிடையாது."

"முப்பத்தோரு பேர்ல ஏழு பேருக்கு உப்பு கூட இருக்குது. கிட்னி சம்பந்தப்பட்ட உப்பு. ஏழு பேரும் உங்க செட்டுத்தான் போடுறாங்க."

"உப்பக் கூடப் போட்டுத் திங்கறவளுக்கு உப்புக் கூடத்தான் இருக்கும்"னேன். நின்னவங்க சிரிச்சாங்க.

அவ சிரிக்கல. "அது சாப்பிடற உப்பு இல்லண்ணாச்சி. வலி மாத்திரைய வருசக்கணக்கா தினமும் போட்டா கிட்னி தேஞ்சுக்கிட்டே போகும். வலிக்காது, வெளிய தெரியாது. ரத்தத்துல மட்டுந்தான் தெரியும். நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. செட்ட நிறுத்திட்டு டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. பழைய ஆளுங்கள ஆறு மாசத்துக்கு ஒருக்கா என்கிட்ட அனுப்புங்க, பாதி ரேட்டுல பாத்துத் தாரேன்."

பாத்தீங்களா? எவ்வளவு நைசா ஆள் பிடிக்கிறா! நான் எந்திரிச்சேன். "இந்தா, நீ ஏகாம்பரம் மகதானே? உங்கப்பனுக்குக் காசம் வந்தப்ப தெனமும் ஊசி போட்டவன் நான். ஊசி குத்தறதோட நிறுத்திக்க. வைத்தியம் சொல்ற வேலை வச்சுக்காத"ன்னேன். முகஞ் செத்துப் போச்சு அவளுக்கு. "அதுக்காகத்தான் அண்ணாச்சி தனியாப் பேசணும்னேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. போனவ நாலு பேரு பாக்க அழுதிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் மனசு இறங்கியிருக்கும். அழல. திமிரு.

அந்த ஏழு பேர்ல ஒருத்தி யாருன்னு அப்ப எனக்குத் தெரியாது. எங்க அக்கா.

பேச்சியம்மான்னு பேரு. எனக்கு எட்டு வயசு மூத்தவ. எங்கம்மா போனதுக்கப்புறம் தறியில நின்னு என்னை வளத்தது அவதான். அத்தான் சரியில்ல, அது வேற கதை. முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு அவளுக்கு. ஏழு வருசமா தெனமும் ரெண்டு செட்டு நான்தான் குடுத்தேன். ஒத்தப் பைசா வாங்குனதில்ல. கடையத் திறந்த உடனே மொதப் பொட்டலம் அவளுக்குத்தான் மடிப்பேன். என் கையாலயே கொண்டு போய்க் குடுப்பேன். "என் தம்பி மாத்திரை இல்லாட்டி நான் படுத்த படுக்கைதான்"னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ.

ஒருநாள் பொட்டலத்தக் கொண்டு போனா, வாசல்ல உக்காந்துக்கிட்டு, "வேண்டாம்டா"ங்கறா.

"என்ன வேண்டாம்?"

"அந்தப் பொண்ணு ரத்தம் பாத்துச்சு. ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு வந்துருக்கு. ஒண்ணுக்குக் கீழ இருக்கணுமாம். மதுரைக்குப் போயி டாக்டரையும் பாத்துட்டு வந்துட்டேன். மாத்திரைய விட்டா இதோட நிக்கும், விடலைன்னா ரெண்டு மூணு வருசத்துல ரத்தஞ் சுத்தம் பண்ற மெஷின்ல படுக்கணும்னு சொல்லிட்டாரு."

எனக்குத் தெரியாம மதுரைக்குப் போயிட்டு வந்திருக்கா சார்! யாரோட போனா? தமயந்தியோட! லேப அடைச்சுப் போட்டுட்டு அவ கூட்டிட்டுப் போயிருக்கா.

"அப்ப நான் உனக்கு வெசமா குடுத்தேன்?"னு கேட்டேன்.

"நான் அப்படிச் சொன்னேனாடா?"

"வேற எப்படிச் சொன்ன?"

அவ முழங்காலத் தேச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம், "வலிய நான் தாங்கிக்கிறேன். நீ கோவிச்சுக்காத"ன்னா.

"தாங்கு. நொண்டிக்கிட்டே கெட. வலி தாங்காம ஊளையிட்டுக்கிட்டு என் கடைக்கு வருவல்ல, அன்னைக்குப் பேசிக்கிடுவோம்"னு சொல்லிட்டு, பொட்டலத்த அவ காலடியில எறிஞ்சுட்டு வந்துட்டேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா அந்த லேபுக்கு நடந்து போவா. என் கடைய ஒட்டித்தான் போகணும். செவத்தப் பிடிச்சுப் பிடிச்சு, ஆடி ஆடி. நான் பேப்பரு படிக்கிற மாதிரி உக்காந்திருப்பேன். செட்டுப் போட்டா விறுவிறுன்னு நடப்பா. வீம்புக்கு ஆடிக்கிட்டுப் போறான்னு நெனைப்பேன். நன்றி கெட்ட ஜென்மம். ஒன்றரை வருசம் நாங்க பேசல.

அக்காவே அந்தப் பக்கம் போயிட்டாள்னு தெரிஞ்சதும் மத்ததுகளும் ஒவ்வொண்ணா நழுவுச்சு. தறியில நிக்கிற சனமில்ல, ஆட்டு மந்தை. ஒண்ணு போன வழியில எல்லாம் போகும். ஒரே ஒருத்தன்தான் ஆம்பளையா நின்னான். சங்கிலி.

சங்கிலிமுத்து. தறி மேஸ்திரி. என் கூட்டாளி. அவன் வேலை தறிக் கொட்டகையில முடிஞ்சதும் நேரா என் கடைக்குத்தான் வருவான். பெஞ்சுல உக்காந்து பேப்பரு முழுக்க வாசிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவான். கல்யாண விளம்பரம் வரைக்கும் விடமாட்டான். அவன் டீக்கடையில எல்லாரு முன்னாலயும் சொன்னான்: "எங்க அண்ணாச்சி கை இருக்கையில எனக்கு எதுக்குடா ஊசி?"ன்னு. அந்த ஒரு வார்த்தை போதும் சார். அம்பத்தி மூணு வயசு வரைக்கும் ஒரு தடவ கூட ரத்தம் பாக்காத உடம்பு. சாகப் போற காலத்துலதான் மொத ஊசி.

ஆமா, செத்துப் போனான். போன வருசம் கார்த்திகையில.

புரட்டாசியிலயே கால் வீங்குச்சு. நின்னா வீங்கத்தான் செய்யும், நீர் பிரிய மாத்திரை குடுத்தேன். வத்திருச்சு. அப்புறம் சோறு இறங்கலைன்னான், வாந்தி வருதுன்னான். பித்தம்னு அதுக்குக் குடுத்தேன். உடம்பெல்லாம் அரிக்குதுன்னான், அதுக்கும் குடுத்தேன். நான் ஒண்ணும் குடுக்காம விட்டுட்டேன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. ஐப்பசியில ஒருநாள் காலையில மூச்சு வாங்க முடியாமத் தறிக் கொட்டகையில உக்காந்துட்டான். ஆட்டோவுல போட்டு, அங்க இருந்து வேன் பிடிச்சு, மதுரைக்குக் கொண்டு போனாங்க. நானும் கூடப் போனேன். ரத்தம் எடுத்தாங்க. உப்பு பதினாலுன்னாங்க. ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சாம். "இதுவரைக்கும் எங்கயும் ரத்தம் பாத்ததே இல்லையா?"ன்னு அந்த டாக்டரு கேக்குறாரு, அவன் பொண்டாட்டி கனியம்மாகிட்ட. அவ என்னத் திரும்பிப் பாத்தா. நான் செவத்துல ஒட்டியிருந்த போர்ட வாசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அஞ்சு வாரம் மெஷின்ல போட்டாங்க. வாரத்துக்கு மூணு தடவ. அப்புறம் ஒருநாள் மெஷின்லயே நெஞ்சு நின்னுருச்சு. மெஷினுதான் கொன்னுருக்கும்னு நான் ஊர்ல சொன்னேன். தண்ணி குடிக்க மாட்டான் அவன், அதான் காரணம்னும் சொன்னேன். ஒருத்தரும் இல்லைன்னு சொல்லல. அதுதான் எனக்கு ஒருமாதிரியா இருந்துச்சு. முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா, ஆமாண்ணாச்சின்னு நாலு பேரு சொல்வாங்க. இப்ப எல்லாரும் டீக் கிளாஸப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள் கனியம்மா கடைக்கு வந்தா. கையில ஒரு துணிப்பை. கல்லா மேல வச்சா.

"அண்ணாச்சி, அவரு மாத்திரையெல்லாம் வீட்டுல கெடந்துச்சு. அப்படியே இருக்கு, பிரிக்கல. எனக்கு எதுக்கு? நீங்க யாருக்காவது ஆகும்னா குடுங்க"ன்னா.

நல்ல பொம்பள சார். வையல, மண்ண வாரித் தூத்தல. கொண்டு வந்து ஒப்படைச்சுட்டுப் போயிட்டா. எத்தனை பேருக்கு அந்தப் பண்பு இருக்கும் சொல்லுங்க. எல்லாம் என் கையால மடிச்ச பொட்டலம். ஒரு மூலைய உள்ள சொருகி மடிப்பேன், அது என் மடிப்பு. வேற எவனுக்கும் வராது. மேசை டிராயர்ல வச்சேன். யாருக்கும் குடுக்கல. நல்ல மாத்திரைதான், தேதி இருக்கு. குடுக்கத் தோணல, அவ்வளவுதான்.

சரி, என் விசயத்துக்கு வாரேன்.

நானும் செட்டுப் போடுறவன்தான். இருபத்திரெண்டு வருசம் கடையில நிக்கிற கால் சார் இது. ஒரு ஆறேழு வருசமா தெனம் ஒண்ணு, வேலை கூடுன நாளு ரெண்டு. ஊருக்குக் குடுக்கிறத நானும் திங்கறேன்ல, பெறகு வெசமா இருக்குமா? மாசி மாசம் ஒருநாள் காலையில செருப்புக் காலுக்குள்ள நொழையல. புதுச் செருப்பு, சரியில்லாத கடை. மறுநாள் பழைய செருப்பும் நொழையல.

மத்தியானம் தெரு வெறிச்சுன்னு கெடக்கும்ல, அந்த நேரம் பாத்து எதுத்தாப்புல போனேன். பயந்துக்கிட்டுப் போனேன்னு நெனச்சுராதீங்க. அவ ஒழுங்கா வேலை பாக்கறாளா, ஆளை ஏமாத்தறாளான்னு நேரில ஒரு தடவ பாத்துரலாம்னு போனேன். உக்காந்தேன். கையை நீட்டினேன். அவ என்னைப் பாத்தா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன் சார். வாய் தெறக்கல. ரப்பரக் கட்டுனா, நரம்பத் தடவுனா, எடுத்தா. பஞ்ச வச்சு, "அமுக்கிப் பிடிங்கண்ணாச்சி"ன்னா. அவ்வளவுதான். எவ்வளவு அகம்பாவம் இருந்தா அப்படிப் பேசாம இருக்க முடியும்!

சாயங்காலம் சீட்டக் கவர்ல போட்டு ஒட்டி அவளே கொண்டு வந்து குடுத்தா. ஒண்ணு புள்ளி எட்டு.

"சீக்கிரமாப் பாத்துட்டீங்கண்ணாச்சி. இது இதோட நிறுத்தி வைக்க முடியுற எடந்தான். மாத்திரைய இன்னையோட விட்டுருங்க. கிட்னி டாக்டர் ஒருத்தரப் பாத்துருங்க. ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப எடுத்துப் பாப்போம்."

பழி வாங்கறான்னு தெரிஞ்சு போச்சு. என்னைப் போய்ச் சீக்காளின்னு எழுதிட்டா. விடுவேனா? மறுநாளே இதே பஸ்ஸப் பிடிச்சு மதுரைக்குப் போனேன், அந்த ஏசி லேபுக்கு. அங்க என்ன வந்துச்சு தெரியுமா? ஒண்ணு புள்ளி ஏழு! பாத்தீங்களா? ஒரு புள்ளி வித்தியாசம்! அவ மெஷினு ஓட்டைன்னு நான் அப்பவே சொன்னேன். ஊருக்கு வந்து சீட்ட அவ மேசையில போட்டேன். "ரொம்ப நல்லதாப் போச்சுண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு"ங்கறா. ஏழும் எட்டும் ஒண்ணாம். எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாளோ.

டாக்டரையும் பாத்தேன். பாக்கறதுக்குக் காத்திருந்தது நாலு மணி நேரம், பேசறது நாலு வார்த்தை. "என்ன தொழில்?"னாரு. மெடிக்கல் ஷாப்புன்னேன். பேனாவக் கீழ வச்சுட்டு ஒரு பார்வை பாத்தாரு. "உங்களுக்கு இத மொதல்ல கண்டுபிடிச்சது யாரு?"ன்னாரு. எங்க ஊர்ல ஒரு பொண்ணுன்னேன். "அந்தப் பொண்ணுக்கு நன்றி சொல்லுங்க. இன்னும் ரெண்டு வருசம் விட்டிருந்தா நீங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க"ன்னாரு. என் காசுல உக்காந்துக்கிட்டு அவளுக்குப் பாராட்டு!

அதுக்கப்புறம் நான் செட்டுப் போடல. அவ சொன்னதுக்காக இல்ல. வெயில் காலம், மாத்திரை ஒத்துக்கிடல.

கடையிலயும் இப்ப ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். யாரு வந்து "அண்ணாச்சி, செட்டு"ன்னாலும், "மொதல்ல எதுத்தாப்புல போயி ரத்தங் குடுத்துட்டுச் சீட்டோட வா"ங்கறேன். ஏன்னு கேளுங்க. என் ஒருத்தன் சீட்ட வச்சு அவள மடக்க முடியாது. நூறு பேர் சீட்டு வேணும். எங்கயாவது ஒரு எடத்துல தப்புப் பண்ணுவால்ல, அன்னைக்கு இருக்கு அவளுக்கு. அதுவரைக்கும் சீட்டுல உப்பு கூட இருக்கிறவனுக்குச் செட்டு கிடையாது. ஸ்டாக் இல்லைன்னு சொல்லிருவேன். உப்பு சரியா இருக்கிறவனுக்கும் இப்பல்லாம் ஸ்டாக் இருக்கறதில்ல. கம்பெனிக்காரன் ஒழுங்கா அனுப்பறதில்ல சார்.

இதுவரைக்கும் தப்பு ஒண்ணும் மாட்டல, அதான் இன்னைக்கும் மதுரைக்குப் போய் என் ரத்தத்த ஒத்துப் பாக்கப் போறேன். கெட்டிக்காரி. சாயம் போடுற பையன் ஒருத்தன், முப்பது வயசு, எருது மாதிரி இருப்பான். தோள் வலின்னு வந்தான். அனுப்பினேன். சர்க்கரை முந்நூத்தி நாப்பதுன்னு வந்துச்சு. அவனுக்கே தெரியாது. எங்க தெரு சுப்பையா மருமக தல சுத்துதுன்னு வந்துச்சு. ரத்தமே ஆறு கிராமுன்னு எழுதிக் குடுத்தா. அதையாவது பொய்யின்னு சொல்லிருப்பேன். அந்தப் பிள்ளை நாக்க நீட்டச் சொல்லி நானே பாத்தேன். எனக்கும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க?

போன மாசம் அக்கா கடைக்கு வந்தா. ஒன்றரை வருசத்துக்கப்புறம். படியேற முடியாது, கீழயே நின்னா. லேபுல இருந்துதான் வாறா, கையில பஞ்சு.

"உனக்கு எவ்வளவுடா?"ன்னா.

யாரு சொன்னாங்களோ. சொல்லாம இருக்கலாம்னுதான் பாத்தேன். "ஒண்ணு புள்ளி ஏழு"ன்னேன்.

"எனக்கு ஒண்ணு புள்ளி ஆறு"ன்னா.

அதுலயும் என்னை முந்திக்கிடணும் அவளுக்கு. "முழங்கால் எப்படி இருக்கு?"ன்னேன். "வலிக்கத்தான் செய்யுது. உசிரோட இருந்தா வலிக்கும்ல"ன்னா. பெஞ்ச எடுத்துக் கீழ போட்டேன். உக்காந்தா. கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுப் போனா.

திருமங்கலம் தாண்டிருச்சா? அப்ப இன்னும் அரை மணி நேரந்தான்.

நீங்க நல்லாக் கேக்குறீங்க சார். ஊர்ல இப்ப யாரும் இப்படிக் கேக்குறதில்ல. நான் வாயத் தொறந்தாலே டீக் கிளாஸக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுறானுங்க.

ஒண்ணு கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டேன். சங்கிலி ரத்தம் பாக்கமாட்டேன்னு சொன்னான்ல, டீக்கடையில. அது உண்மைதான், சொன்னான். ஆனா அது மொதல்ல. அதுக்குப் பெறகு, அந்த ஆடி மாசம், கால் வீங்கறதுக்கு முன்னால, ஒருநாள் சாயங்காலம் பெஞ்சுல உக்காந்திருந்தான். பேப்பரு கையில இருக்கு, வாசிக்கல. எதுத்தாப்புல அவ லேபுல லைட்டு எரியுது. அதையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம், "அண்ணே, கனியம்மா அனத்திக்கிட்டே இருக்கா. நான் ஒருக்கா போய்ப் பாத்துரட்டுமா?"ன்னான்.

என்கிட்ட எதுக்குச் சார் கேக்கணும்? அவன் கால், அவன் ரோடு, பத்தடி. போயிருக்கலாம்ல? கேட்டான். அவன் அப்படித்தான்.

"தாராளமாப் போ. போயிட்டு இந்தக் கடைப்படிய மிதிக்காத"ன்னேன்.

சிரிச்சான். "சும்மாதான் கேட்டேன்ணே"ன்னு சொன்னான். பேப்பர மடிச்சு வச்சான். ரெண்டு செட்டு வாங்கிச் சட்டப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனான்.

இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. கனியம்மாவுக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். தெரிஞ்சா பைய அப்படிக் கொண்டு வந்து வச்சுட்டுப் போயிருப்பாளா?

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கு ஆறுதல் சொல்றவனைக் கண்டாலே ஆகாது. கொஞ்சம் காலை நகட்டுங்க, நான் முன்னால போய் நின்னுக்கிடறேன். டோக்கன் பத்து மணிக்கு மேல போச்சுன்னா வரிசை வாசல் வரைக்கும் வந்துரும்.